குலிக்கோவோவுக்கு ஒரே தாவாகத் தாவும் வரலாற்றுக் காணொளிக்காரர்களுக்கு

வணக்கம். தமிழில் ரஷ்ய வரலாறு சொல்ல ஆள் இருப்பதே சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான் ஓடுகிறது: 1240-ல் மங்கோலியர் கீவை அழித்தார்கள், அப்புறம் 1380-ல் குலிக்கோவோவில் திமித்ரி அவர்களைத் தோற்கடித்தான், மாஸ்கோ எழுந்தது, பின்னணியில் முரசு. நடுவில் 140 ஆண்டுகளைக் காணோம். அந்தத் திமித்ரியின் தாத்தா இவான் கலிதாவையும் காணோம். மாஸ்கோவைத் தூக்கி நிறுத்தியதே அவன்தான், அதுவும் மங்கோலிய அரசனான கானை எதிர்த்து இல்லை, கானின் ஆளாக இருந்து.

1325-ல் அவன் கைக்கு வந்த மாஸ்கோ சுமாரான ஊர். அன்றைக்குப் பெரிய கை த்வேர் என்ற இன்னொரு ரஷ்ய நகரம். விளாதிமிர் நகரின் மகா இளவரசன் என்று கான் பட்டயம் கொடுப்பவனுக்குத்தான் அந்தஸ்து; அது 1326 முதல் த்வேர் இளவரசன் அலெக்சாந்தரிடம் இருந்தது. 1327-ல், அப்போதைய கானான உஸ்பெக்கின் உறவினன் சோல்கான் படையோடு வந்து த்வேரில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பாடாய்ப் படுத்தினான். ஆகஸ்ட் 15 காலையில் துத்கோ என்ற திருச்சபைப் பணியாளர் தன் குதிரையை வோல்காவில் தண்ணீர் காட்ட ஓட்டிப் போகிறார், தாத்தாரியர், அதாவது கானின் ஆட்கள், அதைப் பிடுங்குகிறார்கள், "த்வேர்க்காரர்களே, விட்டுவிடாதீர்கள்" என்று அவர் கத்த, ஊரே திரண்டு கடைசியில் சோல்கானை அவன் தங்கியிருந்த மாளிகையோடு எரித்துவிடுகிறது. ஒரு குதிரையில் ஆரம்பித்தது! இதைவிட வேறென்ன காட்சி வேண்டும் உங்களுக்கு?

இவான் என்ன செய்தான்? கானிடம் போனான், குளிர்காலத்தில் கானின் படையோடு திரும்பி வந்து த்வேரைச் சூறையாட உடன் நின்றான். அலெக்சாந்தர் பிஸ்கோவ் நகருக்குத் தப்பி ஓட, மகா இளவரசன் பட்டம் 1328-ல் பாதியும் சில ஆண்டுகளில் முழுவதுமாக இவானிடம் வந்தது. கூடவே மற்ற இளவரசர்களின் கப்பத்தையும் வசூலித்துக் கானிடம் கொண்டுபோய்க் கட்டும் பொறுப்பு. ஜமீனுக்கு வரி தண்டுகிறவன் தானும் ஜமீன் ஆகிற கதைதான். போதாததற்குத் திருச்சபைத் தலைவரின் இருப்பிடமும் மாஸ்கோவுக்கே வந்துவிட்டது. அலெக்சாந்தருக்கு இடம் கொடுத்ததற்காகப் பிஸ்கோவ் மக்களையே அவர் சபைநீக்கம் செய்தார். அலெக்சாந்தரை 1339-ல் கான் கொன்றான், மகனோடு சேர்த்து. த்வேர்ப் பேராலய மணியைக்கூட இவான் விட்டுவைக்கவில்லை, கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனான்.

துரோகி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு பெரும் அமைதி என்று பழைய நாளாகமம் எழுதுகிறது, ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த அமைதிக்கு யார் விலை கொடுத்தது? ரோஸ்தோவ் நகரில் மாஸ்கோ ஆட்கள் வசூலுக்கு வந்து, அவெர்கி என்ற மூத்த அதிகாரியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். இவானுக்கே பயம் இல்லாமல் இல்லை: கானிடம் புறப்படும் முன் எழுதிய உயிலில், தாத்தாரியர் ஊர்களைப் பறித்துக்கொண்டால் மிச்சத்தைத் திரும்பப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறான்.

அடுத்த முறை குலிக்கோவோ போடும்போது, அதற்கு முன் த்வேருக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்குங்கள். முரசை அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.