ஊருணிப் பறவைகள்: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், விடியுமுன் கரைக்கு வந்துவிடும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் ஒரு முறை கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக ஊருணிக்கே வந்துவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியாக வந்த தண்ணீர், தை கடைசி வரை மேல்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மாசியில் சில படிகள் இறங்கியதும் செம்பராங்கல் சுவரின் அடியில் சேறு தெரிந்தது. உள்ளான்கள் அங்கேதான் வந்து, வாலை ஆட்டிக்கொண்டே இரை பொறுக்கின. நடுத்தண்ணீரில் நீலச்சிறகிகள். வடக்கே வெகுதூரத்தில் முட்டையிடும் வாத்துகள் இவை. ஆணின் வெள்ளைப் புருவத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பங்குனி பிறந்ததும் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டின. கிளம்பப் போகின்றன என்று அர்த்தம்.

பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பான கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்டில் இந்த ஆண்டு நாமும் கலந்துகொண்டோம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்டதை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும்தான் குழப்பம். நெற்றியில் வெள்ளை நாமம் இருந்தால் நாமக்கோழி. சிவப்பு நெற்றியும் மஞ்சள் அலகு நுனியும் இருந்தால் தாழைக்கோழி. இரண்டாம் நாளே பிள்ளைகள் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம், தண்ணீரில் முங்கி இரை பிடிக்கும் சின்ன நீர்ப்பறவையான முக்குளிப்பான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். வடகிழக்கு மூலையில் கோரைக்கு நடுவே பாசியைக் குவித்து மிதக்கும் கூடு கட்டியிருந்தது. அதைப் பாசிக் குப்பை என்றுதான் நானும் நினைத்தேன். பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தபோது படியில் யாரோ குடத்தோடு இறங்கினார்கள். கூட்டில் இருந்த பறவை ஓடவில்லை. அலகால் நாலைந்து முறை பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. ஆள் போனதும் திரும்பி வந்து, மூடியதை விலக்கிவிட்டு உட்கார்ந்தது. வெள்ளையாக இருக்கும் முட்டைகள் ஈரப்பாசியின் கறை ஏறிப் பழுப்பாகியிருந்தன.

தூர்வாரும் விஷயத்துக்கு வருகிறேன். வாரச் சொல்லி மனுக் கொடுத்ததே நம் சங்கம்தான். ஆகாயத்தாமரை போகத்தான் வேண்டும். ஆனால் மாசியில் நான்கு கரையையும் ஒரே மூச்சில் வழித்தெடுப்பதாக வேலை எடுத்தவர் சொன்னார். வடகிழக்கு மூலையைப் பங்குனி முடியும்வரை விடும்படி கேட்டோம். முதலில் கோபப்பட்டார்கள். நம் மூத்த உறுப்பினரான ஆச்சி ஒருவர்தான் பேச்சைத் திருப்பினார். மார்கழியில் வேன் வைத்து, கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டிய வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய், நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்து வந்தோமல்லவா, அதை வைத்தே பேசினார்: "கொள்ளுக்குடிப்பட்டி சனங்க பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்லை. நீங்க ஒரு மூலையை விடக்கூடாதா தம்பி?" சரி என்றார்கள்.

ஆனால் மறுநாள் காலை, தகவல் சொல்லப்படாத இயந்திர ஓட்டுநர் அந்த மூலையிலும் பாதிக் கோரையை வாரிவிட்டார். நாங்கள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் ஒரு கூடு போய்விட்டது. முதல் நாள் மாலையே கயிறு கட்டிப் பலகை வைத்திருக்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் அது என் கடமை, தவறிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

மிச்சமிருந்த கோரையில் இன்னொரு கூடு தப்பியது. பங்குனி இரண்டாம் வாரம், தலையில் வரிவரியாகக் கோடு போட்ட மூன்று குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி போனதைக் கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம். குளிக்க வந்தவர்கள்கூட சோப்பைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். தூர்வாருவதைத் தண்ணீர் வற்றும் வைகாசியில் தொடங்க வேண்டும், கோரையைப் பகுதி பகுதியாக எடுக்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவோம். கயிறும் பலகையும் வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். தீர்மானத்தை வழிமொழிபவர்கள் கைதூக்கலாம்.