ஓசூரிலிருந்து மாதுவுக்கு

ஓசூர்

அன்புள்ள மாது,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். பென்னாகரம் பக்கம் மழை உண்டா? இங்கே மேகம் கூடுவதோடு சரி.

டிரில் பிட்டில் நாங்கள் பூசுவது தங்கமா என்று உன் வகுப்புப் பசங்க கேட்டதாக எழுதியிருந்தாய். குந்துமணித் தங்கம்கூடக் கிடையாது. அது டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த டைட்டானியம் நைட்ரைடு, இரண்டு மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனம். உலோகத்தில் போலவே அதற்குள்ளும் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. சிவப்பு, மஞ்சள் ஒளியின் அலைவுக்கு அவை ஈடுகொடுத்து அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நீலத்தின் வேகத்துக்கு முடியாது. அந்த ஒளியில் பெரும்பகுதி உள்ளேயே போய்விடும். மிச்சம்தான் நமக்குப் பொன்னாகத் தெரிகிறது. நகைக்கடைத் தங்கத்தின் மஞ்சளுக்குக் காரணம் கொஞ்சம் வேறு, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு நிறத்தைவிட மின்சாரம்தான் ஆச்சரியம். நல்ல படலமாக அமைந்தால் இது சுத்த டைட்டானியத்தையே மிஞ்சிக் கடத்தும். அதே நைட்ரஜன் அலுமினியத்தோடு சேர்ந்தாலோ, கடத்தாத, ஒளி ஊடுருவும் படலம். எலக்ட்ரான் தங்க முடியாத, அது தாண்டினால்தான் மின்சாரம் ஓடும் 'விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி' அதற்குச் சுமார் 6.2 எலக்ட்ரான் வோல்ட். காலியம் நைட்ரைடுக்கு 3.4. நீல எல்இடி அதிலிருந்து வந்ததுதான். அதற்காகத்தான் அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல்.

ஆனால் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதும்போது, படலம் வளர்ந்த விதமும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடு. பூச்சு போடும் எங்கள் சேம்பரில் நைட்ரஜன் குறைந்தால் டைட்டானியம் நைட்ரைடு வெள்ளி நிறம் அடிக்கும், கூடினால் பழுப்பு. இண்டியம் நைட்ரைடு கதை இன்னும் வேடிக்கை. அதன் இடைவெளி 1.9 என்றே வருடக்கணக்காகப் புத்தகங்களில் இருந்தது. 2002 வாக்கில் தரமான படிகப் படலம் வளர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய 0.7! பழைய படலங்களில் ஆக்ஸிஜன் கலப்பு இருந்தது, எலக்ட்ரான்களும் மிதமிஞ்சி இருந்தன. இடைவெளியைத் தாண்டியதும் வரும் கீழ்நிலைகள் நிரம்பிவிட்டதால், ஒளி பட்ட எலக்ட்ரான் இன்னும் உயரத் தாவ வேண்டியிருந்தது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் பஸ்ஸில் உள்ளே இடமில்லாமல் மேலே ஏறுவோமே, அதே கதை.

உன் மச்சான் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருகிறாராமே. கோட்டிங் போட்ட கண்ணாடித் துண்டுகள், பொன்னில் ஒன்று, பழுப்பில் ஒன்று, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மல்டிமீட்டர் வைத்துப் பசங்களையே அளக்கச் சொல். எதில் எத்தனை ஓம் காட்டியது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
முனி