தினசரி மார்க்கெட் கடைகளில் நேரில் சோதித்த பிறகே வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட்டை ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்
அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்,
நகராட்சி தினசரி மார்க்கெட், தெற்கு வாசல்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.
(திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்)

பொருள்: தினசரி மார்க்கெட் கடைகளுக்குச் சோதனை செய்யாமலே டெஸ்ட் ரிப்போர்ட் வழங்கப்படுவதைத் தடுக்கவும், பருவமழைக்கு முன் மின் பாதுகாப்புக் கூட்டாய்வு நடத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் ஒப்பந்ததாரர் உரிமம் பெற்று, மேற்படி மார்க்கெட்டிலும் அதைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களிலும் வயரிங் வேலை செய்து பிழைத்து வருகிறேன். என்னிடம் தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசரும் வயர்மேன்களும் பணிபுரிகின்றனர். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒயரின் காப்பை அளக்கும் மெக்கர், எர்த் இணைப்பை அளக்கும் எர்த் டெஸ்டர் உள்ளிட்ட கருவிகள் எங்களிடம் நல்ல நிலையில் இருப்பதை நாங்கள் காட்டியாக வேண்டும். இவற்றைக் கேட்கும் அரசு, அவை உண்மையில் பயன்படுத்தப்படுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் நீங்கலாக, எந்த மின் அமைப்பு வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. இன்று நடைமுறையில் உள்ள மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. புதிய இணைப்பு கேட்கும் கடைக்காரர், வேலை முடிந்ததும் அத்தகைய ஒப்பந்ததாரரின் கையொப்பமிட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரை வைத்துப் பார்த்தபோது வயரிங்கின் காப்புத்தடை (மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் அளவு) 1 மெகாஓமுக்குக் குறையவில்லை, எர்த் அளவு சரியாக உள்ளது, ஃபேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகும் ஒயர்) இடம் மாறவில்லை என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வதுதான் அந்தத் தாள்.

ஆனால் மார்க்கெட்டில் அந்தத் தாள் இப்போது தனியாக விலைக்குக் கிடைக்கிறது. கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் குழி, கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தனி நியூட்ரல் எல்லாவற்றையும் சேர்த்து நான் மதிப்பீடு கொடுத்தால், “அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே, தாளுக்கு மட்டும் எவ்வளவு?” என்றுதான் கடைக்காரர் கேட்கிறார். கேட்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஏனெனில், கடையின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் கையொப்பமும் முத்திரையும் போட்டுத் தருபவர்கள் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். சிலர் உரிமத்தையே மாதக் கணக்கில் வாடகைக்கு விட்டதுபோல, நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டு இடைத்தரகரிடம் கொடுத்து வைக்கிறார்கள். சக தொழிலாளரைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு உவப்பானதல்ல. இருப்பினும் சோதனை செய்துவிட்டுக் கையெழுத்திடும் ஒப்பந்ததாரருக்கு இந்த மார்க்கெட்டில் வேலையே கிடைக்காத நிலை வந்துவிட்டதால் எழுத வேண்டியுள்ளது.

இதன் விளைவை மீன் கடை வரிசையில் நேரில் காணலாம். தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும் அந்த வரிசையில், ஃப்ரீசரின் எர்த் ஒயர் எர்த் குழிக்குப் போகாமல், தகரக் கூரையைத் தாங்கும் இரும்புத் தூணில் சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. கடைகளின் ஷட்டர் சட்டங்களும் அதே தூண்களோடு இணைந்தவை. ஒரு கடையின் ஃப்ரீசரில் கசிவு ஏற்பட்டால், பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது அவருக்கு ஷாக் அடிக்கும். கசியும் மின்னோட்டம் சிறிதாக இருப்பதால், அதிக மின்னோட்டம் பாய்ந்தால் மட்டுமே விழும் (தானாக அணையும்) எம்.சி.பி. சுவிட்ச் விழாது, அதைப் பிடிப்பதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. அதையும் இங்கே சில கடைகளில் வாங்கிப் பொருத்தினார்கள். பக்கத்துக் கடையின் நியூட்ரலை இரவல் வாங்கி விளக்கு எரிப்பதால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாமல், சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்ததை ‘பெட்டி கோளாறு’ என்று சொல்லி, உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் நேராக இணைத்து டேப் சுற்றிவிட்டார்கள். பெட்டி சுவரில் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. இந்தக் கடைகளுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கோப்பில் இருக்கும்.

பழி முழுவதையும் கடைக்காரர்கள் மீது போடுவது நியாயமாகாது. அவர்கள் நகராட்சியின் வாடகைதாரர்கள். பொது நடைபாதையைத் தோண்டி எர்த் குழி போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஏலக்காலம் முடிந்தால் கடை கைமாறும் என்பதால் சொந்தச் செலவில் கேபிள் வழித்தடம் அமைக்கவும் எவரும் முன்வரமாட்டார்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உள்ள சில பணியாளர்களால் ஒவ்வொரு கடைக்கும் சென்று வயரிங்கைப் பிரித்துப் பார்க்கவும் இயலாது என்பதை நான் அறிவேன்.

ஆகவே, நகராட்சிப் பொறியாளர், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர், மின் ஆய்வாளர் ஆகிய மூவரும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரே நாளில் மார்க்கெட்டைக் கூட்டாக ஆய்வு செய்யுமாறு தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். மீன், இறைச்சி, பூக்கடை வரிசைகளை முதலில் பார்ப்பது நல்லது. மளிகை வரிசை பொறுக்கும். வரிசைக்கு வரிசை பொது எர்த் குழிகளும் கேபிள் வழித்தடமும் கட்டட உரிமையாளர் என்ற முறையில் நகராட்சியே அமைத்துத் தர வேண்டும். இனிவரும் டெஸ்ட் ரிப்போர்ட் எதுவானாலும், அளவீடுகள், கருவியின் வரிசை எண், சோதித்த நாள் ஆகியவை எழுதப்பட்டு, ஒப்பந்ததாரரோ அவருடைய சூப்பர்வைசரோ மீட்டர் பொருத்தும் நேரத்தில் நேரில் நின்றால் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குறை கண்ட கடைகளின் இணைப்பை அன்றைக்கே துண்டித்தால் ஃப்ரீசரில் உள்ள சரக்கு வீணாகும். எனவே உடனடி ஆபத்து உள்ளவை தவிர மற்றவற்றுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

சான்றிதழ் இல்லாமல் வேலை செய்யும் இளைஞர்களைத் துரத்த வேண்டும் என்பது என் நோக்கமல்ல. அவர்களில் கைத்திறன் மிக்கவர்கள் பலர். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு பற்றிய அறிவிப்பு தங்கள் அலுவலகம் வழியாகத்தான் செய்தித்தாள்களில் வருகிறது. ஆனால் விடியற்காலையில் மார்க்கெட்டுக்கு வந்து இரவில் வீடு திரும்பும் இவர்கள் கண்ணில் அது படுவதில்லை. அந்த அறிவிப்பை மார்க்கெட் அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்தும், அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் வழியாக விண்ணப்பிக்க உதவியும் செய்தால், ஐந்தாண்டு அனுபவம் உள்ள பலர் முறையாகத் தேர்வெழுதி வருவார்கள். அவர்களுக்கு அனுபவச் சான்று தர நானும் என்னைப் போன்ற ஒப்பந்ததாரர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

மீன் கடை வரிசையின் தூண், மெயின் போர்டு ஆகியவற்றின் புகைப்படங்களும், என் உரிமத்தின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. கூட்டாய்வு நாளில் என் கருவிகளுடன் வந்து கட்டணமின்றி அளவெடுத்துத் தர இசைகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்

நகல்: தலைமை மின் ஆய்வாளர் அவர்கள், சென்னை.
நகராட்சி ஆணையர் அவர்கள்.