தம்பிக்கு, வலைப்பூ விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் சுகம்தானே? அங்கே ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே.

"இப்போ யாரும்மா வலைப்பூ படிக்கிறாங்க, ஃபேஸ்புக்லயே எழுதலாமே" என்று போனில் கேட்டாய். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும் என்பதால் இந்தக் கடிதம்.

நான் 2006-ல் தொடங்கினேன். அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை தமிழ்த் தளங்களைப் படிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துருவை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துமுறையும், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை மென்பொருளும் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் தட்டச்சு வகுப்புக்குப் போகாமலே தமிழில் எழுத முடிந்தது. எழுதியதைத் தமிழ்மணம் என்ற தளம் மற்ற வலைப்பூக்களோடு சேர்த்துத் திரட்டி அன்றன்றே எல்லார் கண்ணிலும் காட்டும். அந்த நாட்களின் சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். பிறகு ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரையும் 2013 ஜூலையில் மூடியதும் பாதிப் பேருக்குப் படிக்கும் பழக்கமே விட்டுப்போனது.

கூட்டம் போனதால் காரியம் முடிந்துவிடவில்லை என்பதுதான் என் எண்ணம். ஃபேஸ்புக்கில் எழுதுவது மூன்று நாளில் அடியில் போய்விடுகிறது. அங்கே நான் போன வருஷம் எழுதியதை எனக்கே தேடி எடுக்க முடியவில்லை. வலைப்பூவில் வருஷம், மாதம் என்று எல்லாம் வரிசையாக நிற்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு நம் ஊரில் போடும் பத்தியச் சாப்பாடு பற்றி எப்போதோ எழுதினேன், நினைவிருக்கிறதா? எங்கோ வெளிநாட்டில் மகளின் பிரசவத்துக்குப் போன ஒரு அம்மா கூகுளில் தேடி அதைக் கண்டுபிடித்து, பூண்டுக் குழம்பில் புளி சேர்க்கலாமா என்று இப்போதும் கேட்டு எழுதுகிறார். அவருக்காகத்தான் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டுமென்றால் பராமரிக்க வேண்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணும் சமயத்தில் வலைப்பூவையும் பார்த்துவிடுவேன். பழைய சுட்டிகளை (லிங்க்) அழுத்திப் பார்ப்பேன். செத்துப்போனவற்றை, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடி அந்தப் பிரதிக்கு மாற்றி வைப்பேன். என் பதிவுகளையும் அங்கே சேமித்துவிடுவேன். 2009 அக்டோபரில் யாஹூ, ஆளாளுக்குச் சொந்தப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது கணக்கில்லாத சொந்தப் பக்கங்கள் போயின. அவற்றில் ஒரு பகுதி மிஞ்சியதே இப்படி யாரோ பிரதி எடுத்து வைத்ததால்தான்.

காப்புப் பிரதி எடுக்கும்போது ஒன்றைக் கவனி. என் வலைப்பூ இருக்கும் கூகுளின் பிளாகர் தளம் தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிதான் இருக்கும். அதனால் படங்களின் மூலத்தைத் தனியாக ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். அப்புறம், பழைய பதிவின் முகவரியை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது, வேறு எங்கெங்கோ அதற்குச் சுட்டி கொடுத்திருப்பார்கள். தகவல் மாறியிருந்தால் பழையதை அழிக்காமல் கீழே தேதி போட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். அன்று அப்படித்தான் இருந்தது என்பதும் ஒரு தகவல்தானே.

நீ சொன்னபடி வலைப்பூவுக்குச் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்குவதைப் பற்றி யோசித்தேன். வேண்டாம் என்றே படுகிறது. வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுப்போனால் அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிறகு அந்தக் கவலை உன் தலையில் ஏறக்கூடாது.

இனி முக்கியமான விஷயம். இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023 முதல் விதி வைத்திருக்கிறது. ஒரு கணக்கு செயலில்லாமல் போனால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வசதி தந்திருக்கிறார்கள், பத்துப் பேர் வரை சேர்க்கலாம். நான் உன்னை மட்டும் சேர்த்து, ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறேன். கெட்டதாக எதையும் நினைக்காதே கண்ணு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த வழியில் உனக்குத் தகவல்களின் பிரதிதான் கிடைக்கும், வலைப்பூவை நடத்த முடியாது. அதற்காக உன்னை இப்போதே அதில் நிர்வாகியாகவும் சேர்க்கிறேன். அழைப்பு மின்னஞ்சல் வரும், ஏற்றுக்கொள்.

ஏற்றதும் முதல் வேலையாக 2007, 2008 பதிவுகளைப் படி. உன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். எனக்கு அவை பொக்கிஷம். ஆனாலும் அது உன் வாழ்க்கை. எது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாயோ அதை வரைவாக மாற்றி வைத்துவிடு, என்னைக் கேட்க வேண்டியதில்லை. அழிக்க மட்டும் வேண்டாம்.

கணக்கில் உன் ஜெர்மனி நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். மாற்றினால் மறக்காமல் சொல்.

அன்புடன்,
அம்மா