அந்த 127.0.0.53 எங்கள் சேர்வர் இல்லை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நின்றபோது, பழைய மடிக்கணினியை வீச மனமில்லாமல் எங்களிடம் வந்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டவர்கள் உங்களில் பலர். பிள்ளைகள் பாவிக்கிற கணினி என்றவர்களுக்கு டெஸ்க்டொப்பில் சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) ஒன்றும் வைத்துத் தந்தோம். அதை ஓட்டினால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை, 1.1.1.3, 1.0.0.3 என்று மாறும். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் தொடங்கிய சேவை இது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் திறக்கவிடாது.

இப்போது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஸ்கிரீன்ஷொட் சுற்றுகிறது. டிஎன்எஸ் முகவரி எழுதியிருக்கும் ரிசால்வ்.கொன்ஃப் என்ற கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் 127.0.0.53ஐச் சிவப்பில் வட்டமிட்டு, 'கடைக்காரர் தன் சேர்வர் வழியாக உங்கள் இன்டர்நெட்டை வேவு பார்க்கிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். உவர்மலையில் கிளம்பிய கதை கிண்ணியாப் பாலத்தையும் தாண்டிவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அதை நாலு பேருக்கு அனுப்பியவர்களில் நம் பழைய வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அதுதான் மனதைச் சுடுகிறது.

127இல் தொடங்கும் முகவரி எல்லாம் கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ளும் முகவரி. கணினியை விட்டு வெளியே போகாது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸிலும் மின்ட்டிலும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற உள் சேவை அங்கே இருந்து 'இந்தத் தளத்தின் முகவரி என்ன?' என்ற கேள்வியை வாங்கி, உண்மையான டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும். எங்கள் கடை வாசலையே மிதிக்காத மின்ட் கணினியைத் திறந்து பாருங்கள், அதிலும் இதே 127.0.0.53 இருக்கும். வட்டம் போட்டவருக்கு அதைப் பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை போலும்.

சொல்லப்போனால் அந்தக் கோப்பை எங்கள் ஸ்கிரிப்ட் தொடுவதே இல்லை. தொட்டும் பயனில்லை, ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிடும். அதனால் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க் மனேஜர் என்ற மென்பொருளிடமே சொல்கிறோம்: இந்த வைஃபைக்கு இந்த முகவரிகள்தான், ரவுட்டர் தரும் டிஎன்எஸ் வேண்டாம். அப்புறம் இணைப்பை ஒருமுறை துண்டித்துத் திரும்ப இணைக்கும். அவ்வளவுதான் வேலை. ஸ்கிரிப்ட் வெறும் எழுத்துக் கோப்பு, டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து வரிக்கு வரி வாசிக்கலாம். கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' (resolvectl status) என்று ஆங்கிலத்தில் அடித்தால், உண்மையில் எந்த டிஎன்எஸ் ஓடுகிறது என்று கணினியே சொல்லும். நீங்கள் திறக்கும் தளங்களின் பெயர் முன்பு உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்குப் போனது. இப்போது கிளவுட்ஃபிளேருக்குப் போகிறது. எங்களுக்கு எதுவும் வராது. வந்தாலும் உட்கார்ந்து பார்க்க இங்கே யாருக்கு நேரம், யூபிஎஸ் திருத்தவே பொழுது போதவில்லை.

இருந்தும் மனம் ஒப்பாதவர்கள் வைஃபை செட்டிங்கில் ஐபிவி4 (IPv4), ஐபிவி6 (IPv6) என்ற இரண்டு பகுதிகளிலும் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

குழுவிலேயே எங்களுக்காக வாய் திறந்த ரீச்சருக்கும், நிலாவெளியிலிருந்து மடிக்கணினியோடு வந்து 'தம்பி, இது என்ன கதை?' என்று நேரே கேட்ட அம்மாவுக்கும், எதையும் நம்பாமல் வழமைபோல வந்துபோகிற உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை வைத்துத்தான் இந்தக் கடை ஓடுகிறது.

புது வைஃபையில் இணைந்தால் ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்ட வேண்டும். அதை எழுதிய தம்பி வெளிநாடு போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு வந்து செய்து தருவது இல்லை, கடைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருகோணமலை