ஜெனீவாவின் வாடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான சுவிட்சர்லாந்துப் பயணக் கட்டுரையில் ஜெனீவாவுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பத்தியும் ‘குளிர்காலத்தில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை’ என்று முடிந்திருந்தது. கடந்த ஜனவரியில் பத்து நாட்கள் அந்த ஏரிக்கரை நகரில் தங்கியிருந்தவன் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தந்த முகவரும் அரை நாளில் ஜெனீவாவை முடித்துவிடலாம் என்றே நிரல் போட்டுக் கொடுத்திருந்தார்; அந்த அரை நாளும் ஏரியின் நீரூற்றைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்பதற்காகத்தான். நொடிக்கு 500 லிட்டர் நீரை 140 மீட்டர் உயரத்துக்கு வீசியெறியும் அந்த ஊற்று, பலத்த காற்றடித்தாலோ உறைபனி கண்டாலோ நிறுத்தப்பட்டுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்கள் போய் இறங்கிய நாளில் ஊற்று இல்லை, எதிரே தெரிய வேண்டிய மலைகளும் இல்லை. சாம்பல் நிற நீரும் அதே நிறத்தில் வானமும் மட்டுமே இருந்தன. நிரலின்படி புறப்பட்டிருந்தால் நானும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதியிருப்பேன்.

அந்நகரின் குளிர்காலத்தை இரண்டு சங்கதிகள் ஆள்கின்றன. ஒன்று, வடகிழக்கிலிருந்து வீசும் ‘பீஸ்’ என்னும் காற்று. நம் முன்னோர் வாடை என்று பெயரிட்டுப் பாடியதன் கொடிய உறவுக்காரி என்று அதைச் சொல்லலாம். ஒரு பக்கம் ஜூரா மலைத்தொடரும் மறுபக்கம் ஆல்ப்ஸும் ஜெனீவாவை நோக்கி வரவரக் குறுகுவதால், புனலில் ஊற்றிய நீரைப் போல அந்தக் காற்று வேகம் கூடி நகருக்குள் பாய்கிறது. ஜெனீவாவின் ஏரியான லெமான் 310 மீட்டர் வரை ஆழமுள்ளது. கோடையில் வாங்கிவைத்த வெப்பத்தை எளிதில் விடாது என்பதால் அது உறைவதில்லை. ஆனால் வாடை கிளப்பும் அலைகளின் திவலைகள், பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் மரக்கிளை, கம்பி, படகு எதன்மீது விழுந்தாலும் அந்த நொடியே பனிக்கட்டியாகிவிடும். 2012 பிப்ரவரியில் ஜெனீவாவுக்கு அடுத்துள்ள வெர்சுவா கரையில் நிறுத்தியிருந்த கார்கள் இப்படிக் கண்ணாடிப் பாறைகளாக மாறி நின்ற படங்கள் உலகெங்கும் அச்சாயின. எனக்கு அந்த அளவுக்குக் காணக் கிடைக்கவில்லை. கரைக் கம்பிகளில் விரல் கனத்துக்குப் பனி தொங்கியதைப் பார்த்ததோடு சரி. அதற்கே காது மடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, மேகம். ஜூராவுக்கும் ஆல்ப்ஸுக்கும் இடையிலான பள்ளத்தில் கனத்த குளிர்காற்று தேங்கிவிட, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. இடையில் உருவாகும் தாழ்ந்த மேகம் நாட்கணக்கில் நகர்வதே இல்லை. ஏற்கெனவே காலை எட்டு மணிக்கு மேல் விடிந்து மாலை ஐந்து மணியையொட்டி இருட்டிவிடும் பகல். அதிலும் சூரியனே தென்படாவிட்டால் புதிதாக வந்தவருக்கு மனம் சோர்வது இயல்பு. உள்ளூர்க்காரர்களோ அலட்டிக்கொள்வதில்லை, மேலே போய்விடுகிறார்கள். நகரப் பேருந்தில் வேரியே என்னும் எல்லைக் கிராமத்தில் இறங்கி, நடந்தே பிரான்சுக்குள் நுழைந்தால் சலேவ் மலைக்குக் கம்பிவட ஊர்தி இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் இயங்கும் நாட்களை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். மேலே தேநீர் குடிக்க யூரோ வேண்டும், பிராங்க் அந்த நாட்டு நாணயமல்ல. ஆறாம் நாள் நாங்கள் அதில் ஏறினோம். வெள்ளை இருளுக்குள் சில நிமிடங்கள் சென்ற ஊர்தி திடீரென நீல வானத்துக்குள் வந்தது. கீழே நகரமும் ஏரியும் இருந்த இடத்தில் அடிவானம் வரை மேகக்கடல் பரந்து கிடக்க, அதன் அக்கரையில் ஜூரா ஒரு நீண்ட கரைபோலத் தெரிந்தது. திரும்பினால் வெயிலில் ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளாங் சிகரம். என் மனைவி வெகுநேரம் பேசவே இல்லை. அந்தக் காட்சி கோடையில் செல்பவருக்குக் கிடைக்காது என்பதைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஏரிக்கரையிலும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. ‘பாக்கி’ என்னும் நகரப் பகுதியில் ஏரிக்குள் நீளும் கற்கரையில் 1932இல் கட்டப்பட்ட பொதுக் குளியல் துறை ஒன்று உள்ளது. அதை இடித்துக் கட்ட 1980களில் ஏற்பாடு நடந்தபோது, 1988இல் மக்கள் வாக்களித்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் அங்கே நீராவி அறையில் வேர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும், எழுபது வயதினரும்கூட, படியிறங்கி அந்த ஏரிநீரில் முங்கி எழுகிறார்கள். நான் கையுறையோடு நின்று வேடிக்கை பார்த்தேன். மார்கழி விடியலில் குளத்தில் இறங்கிய என் பாட்டி இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். டிசம்பரில் ஏரியில் நீந்தும் போட்டியே 1934 முதல் அங்கு நடந்துவருகிறது. அதே மாதத்தில், 1602ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி இரவு அண்டை நாடான சவாயின் கோமகனுடைய படை ஏணி வைத்து நகர மதில் ஏறியதை முறியடித்த நினைவாக ‘எஸ்கலாட்’ விழாவும் கொண்டாடப்படுகிறது. வீரர்கள் தலையில் ஒரு பெண்மணி கொதிக்கும் சூப்பைப் பானையோடு கவிழ்த்தார் என்பது கதை. அதற்காகச் சாக்லேட்டில் பானை செய்து, கூடியிருப்பவர்களில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து அதை உடைக்கிறார்கள். ஜனவரியில் சென்றதால் அதைத் தவறவிட்டேன்.

செலவைப் பற்றி ஒரு சொல். ஊர் மிக விலை கூடியது, அதில் இரு கருத்தில்லை. விடுதியில் தங்குபவருக்கு நகரப் போக்குவரத்துக்கான இலவச அட்டை தருகிறார்கள் என்பதும், ஏரியைக் கடக்கும் சிறு படகுகளுக்கும் அது செல்லும் என்பதும் ஓர் ஆறுதல்.

என் மனத்தில் தங்கிய இடம் பழைய நகரில் உள்ள ‘திரேய்’ நடைமேடை. அங்கே ஒரு செஸ்ட்நட் மரம் இருக்கிறது. அதன் முதல் மொட்டு விரியும் நாளை மாநில மன்றத்தின் அதிகாரி ஒருவர் கவனித்துக் குறிப்பேட்டில் எழுத, அன்றே வசந்தம் பிறந்ததாக அறிவிக்கப்படும். 1818 முதல் இந்தப் பதிவு தொடர்கிறது. மரங்கள் மாறினாலும் பதிவு மாறவில்லை. இலையற்ற அந்த மரத்தடியில் குளிரில் நின்றபோது, எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. கோடையில் அதைக் கடந்து செல்பவருக்கு அது மற்றொரு நிழல் மரம்.

தங்கள் இதழில் ‘ஜெனீவா’ என்ற சொல் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மனித உரிமைப் பேரவைக் கூட்டத்தொடரையொட்டி முதல் பக்கத்தில் அச்சாகிறது. ஐ.நா. வளாகத்துக்கு எதிரே, ஒரு கால் முறிந்த 12 மீட்டர் மர நாற்காலியின் கீழே, பதாகை ஏந்திய தமிழர்களின் படமும் வருகிறது. நான் அந்தத் திடலில் வாடை வீசிய ஒரு பிற்பகலில் பத்து நிமிடம் நின்று, அதற்குமேல் முடியாமல் டிராம் ஏறிவிட்டேன். அவர்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரின்போது தங்கள் செய்தியாளர் அங்கிருந்து எழுதினால், எத்தனை பேர் கூடினார்கள் என்பதோடு அன்றைய காற்றைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்