வில்லி நெல்சன் கிட்டாரின் ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க கன்ட்ரி இசைக்கலைஞர் வில்லி நெல்சனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. ஆறு வயதில் பிடித்த கிட்டாரைத் தொண்ணூறு தாண்டியும் மேடையில் வாசித்தவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுத வேண்டியதுதான். ஆனால் அவருடைய 'டிரிக்கர்' கிட்டாரின் மேல்பலகையில் விழுந்த பெரிய ஓட்டையை அன்பின் அடையாளம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அது எப்படி விழுந்தது, விழுந்த பிறகும் கிட்டார் ஏன் உடையவில்லை என்பதுதான் வாசிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

டிரிக்கர், மார்ட்டின் கம்பெனியின் என்-20 மாடல். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். 1969இல் டெக்சாஸின் ஹெலோடிஸ் ஊரில், குடிபோதையில் ஒருவர் மிதித்து நெல்சனின் பழைய பால்ட்வின் கிட்டார் நொறுங்கியது. நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சன் என்ற கிட்டார் வேலைக்காரரிடம் அதை அனுப்பினார்கள். இனித் தேறாது என்று சொன்ன ஜாக்சன், தன்னிடம் இருந்த மார்ட்டினை 750 டாலருக்குத் தருவதாகச் சொல்ல, நெல்சன் போனிலேயே சரி என்றுவிட்டார். கட்டுரையில் உள்ளதுபோல் கடையில் நின்று வாசித்துப் பார்த்து வாங்கியதல்ல. பால்ட்வினில் இருந்த 'பிரிஸ்மாடோன்' பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவியை) கழற்றி மார்ட்டினில் பொருத்திக் கொடுத்ததும் ஜாக்சன்தான்.

ஓட்டைக்கு வருவோம். கிளாசிக்கல் கிட்டார் விரலாலும் நகத்தாலும் வாசிக்கச் செய்தது. ஸ்டீல் கம்பி கிட்டாரில் சவுண்ட் ஹோலுக்கு (பலகை நடுவில் உள்ள வட்டத் துளைக்கு) பக்கத்தில் பலகையைக் காக்க ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிக் கார்டு இதில் கிடையாது. நெல்சனோ ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பக்தர். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடித்து ஓங்கி அடிப்பவர். கீழ்நோக்கி அடிக்கும்போது, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் மெல்லிய முதல் கம்பியைத் தாண்டிய பிக் நேராகப் பலகையில்தான் போய் இடிக்கும். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், கனம் இரண்டரை மில்லிமீட்டர் அளவு. முதலில் மேல்பூச்சான லாக்கர் போகும். பிறகு மரவரிகளுக்கு இடையில் இருக்கும் மெத்தென்ற பகுதி தேய்ந்து வரிகள் மட்டும் துருத்தி நிற்கும். கடைசியில் அவையும் போகும். சவுண்ட் ஹோலுக்கும், கம்பிகளைப் பலகையில் கட்டும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஓட்டை விழுந்தது இப்படித்தான்.

ஆனாலும் கிட்டார் நிற்கிறது. இதில் டெக்சாஸின் ஆஸ்டினைச் சேர்ந்த கிட்டார் பழுதுபார்ப்பவர் மார்க் எர்லவைனுக்குப் பெரும் பங்கு உண்டு. பல பத்தாண்டுகளாக அவர்தான் அதைத் துடைத்து, லாக்கர் பூசி, பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தாங்குகட்டைகளான பிரேஸ்களைப் பார்த்துவருகிறார். பலகை எவ்வளவு மெலிந்தாலும் கம்பியின் இழுவையைத் தாங்குவது அந்தப் பிரேஸ்கள். நைலான் கம்பி ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ என்பதும் ஒரு காரணம். மேடையில் கேட்கும் ஒலியும் சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் அமரும் பட்டைக்கு) அடியில் இருக்கும் பிக்கப் எடுத்துத் தருவது; ஓட்டையால் பலகை இழந்த அதிர்வு அங்கே அவ்வளவாகத் தெரியாது. மைக் வைத்து வாசிக்கிற கிட்டாரில் இதே ஓட்டை விழுந்தால் கதை வேறு.

நைலான் கிட்டாரில் பிக் கொண்டு வாசிக்க விரும்புகிறவர்கள், ஃபிளமெங்கோ கிட்டாரில் ஒட்டும் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை முதல் கம்பிக்குக் கீழ்ப்புறம் ஒட்டிக்கொள்ளட்டும். பிரெஞ்ச் பாலிஷ் (மெல்லிய அரக்குப் பூச்சு) போட்ட கிட்டாரில் பசைத் தகடு கூடாது. பின்னால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். பிக்கின் நுனி விரலுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். பலகையில் கீறல் வெடிப்பானால் உடனடிப் பசையை ஊற்றி அடைக்காதீர்கள். ஸ்ப்ரூஸ் அதை உறிஞ்சிக் கறுத்துவிடும், பிறகு மரப்பசை பிடிக்காது. வெடிப்புக்கு உள்பக்கம் மரவரிக்குக் குறுக்காகச் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டுவதே முறை.

சத்தம் போதவில்லை என்று கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. பிக் அடியைவிடப் பெரிய கேடு அது. ஸ்டீல் கம்பியில் மெல்லிய வகையான சாதாரண லைட் செட்டே 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். கழுத்து வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடும் இதில் பெரும்பாலும் இருக்காது. பலகை உப்பும், கழுத்து வளையும், பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும்.

இன்னொரு திருத்தம். டிரிக்கரின் முதுகும் பக்கங்களும் இந்திய ரோஸ்வுட் என்று அச்சாகியிருக்கிறது. அது பிரேசில் ரோஸ்வுட். பிரேசில் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திய பிறகே, 1969–70 வாக்கில், மார்ட்டின் கம்பெனி இந்திய மரத்துக்கு மாறியது. நீலகிரி, வயநாட்டுப் பக்கம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிறோமே, அந்த மரம்தான் இந்திய ரோஸ்வுட்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்